சக்கரவர்த்தி சொல்லியும் துள்ளாத ரப்பர்

தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்குத் தெரியும். பெட்டிக்கடையில் ஒரே கூடையில் கிடக்கிற இரண்டு பந்துகளில் ஒன்று எதிர்வீட்டு ஓட்டுக்கூரை ஏறும். இன்னொன்று தொப்பென்று விழுந்து, விழுந்த இடத்திலேயே குடித்தனம் நடத்தும். ஏன் என்று கடைக்காரரைக் கேட்டால், "வேற எடுத்துக்கோ தம்பி" என்பார். ஜெர்மானியர்கள் அப்படி விட்டுவிடுகிற ஆட்களா? துள்ளாத ரப்பரை டன் கணக்கில் செய்து உலகப் போருக்கே எடுத்துப் போனார்கள்.

எல்பர்ஃபெல்டில் இருந்த பேயர் கம்பெனி சாயமும் ஆஸ்பிரினும் விற்று நன்றாகத்தான் இருந்தது. 1906-இல் ஓர் ஆசை வந்தது. 1909 நவம்பர் 1-க்குள் செயற்கை ரப்பர் செய்துகாட்டும் வேதியியலாளருக்கு 20,000 மார்க் பரிசு! கெடுவுக்கு ஏழு வாரம் இருக்கும்போது, செப்டம்பர் 12 தேதியிட்ட காப்புரிமையோடு வந்து நின்றார் ஃபிரிட்ஸ் ஹோஃப்மன்.

ரப்பர் மரத்துப் பாலின் சரக்கு ஐசோப்ரீன். அதை மலிவாகச் செய்ய வழியில்லாததால், அதன் ஒன்றுவிட்ட தம்பியான மெத்தில் ஐசோப்ரீனைப் பிடித்தார்கள். பக்குவம் நம் பாட்டிமார் மாவடு போடுவதைப் போலத்தான்: பாத்திரத்தில் ஊற்றி, மூடி, மாதக்கணக்கில் ஊறவிடுவது. ஒரு வகை, திறந்து பார்த்தால் காலிஃபிளவர் மாதிரி வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும்.

1912-இல் இந்த ரப்பரில் செய்த டயர்கள் ஜெர்மன் சக்கரவர்த்தி கைசர் இரண்டாம் வில்ஹெல்மின் காருக்கே ஏறின. மன்னருக்குப் பரம திருப்தி. டயர் சரியில்லை என்று அவரிடம் சொல்லும் துணிவு சாலைக்கு மட்டும்தான் உண்டு. அது வாய் திறக்கவில்லை.

போர் வந்ததும் திறந்தது. ரப்பர் இருந்தது மலாயாவிலும் இலங்கையிலும். விடியற்காலையில் அங்கே பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர்களில் நம் ஆட்கள் ஏராளம். நடுவில் கடலை மறித்து நின்றது பிரிட்டிஷ் கடற்படை. ஜெர்மன் சைக்கிள்கள் ரப்பரை இழந்து, சுருள்வில் கட்டிய சக்கரங்களில் கடகடத்தன. 1916-இல் 'டாய்ச்லாண்ட்' என்ற சரக்கு நீர்மூழ்கி அமெரிக்காவின் பால்டிமோருக்குச் சாயம் கொண்டுபோய், முந்நூறு டன்னுக்கு மேல் ரப்பரோடு திரும்பியது. உள்ளே இடம் போதாமல் பெரும்பகுதியைக் கடல்நீரிலேயே நனையவிட்டுக் கொண்டுவந்தார்கள்.

பேயரின் லெவர்குசன் ஆலையில் ஹோஃப்மனின் ரப்பரும் இரண்டாயிரம் டன்னுக்கு மேல் தயாரானது. கெட்டி ரகம் நீர்மூழ்கிகளின் பேட்டரிப் பெட்டிக்குப் பொருத்தமாக அமைந்தது. பெட்டி துள்ள வேண்டியதில்லையே! மென்ரகம் டயராகி மானத்தை வாங்கியது. குளிரில் விறைக்கும். ராத்திரி லாரியை ஜாக்கி போட்டுத் தூக்கி வைக்காவிட்டால், காலையில் சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகிவிடும்.

குற்றம் சங்கிலியில். ரப்பர் என்பது நூல்கண்டுபோலச் சுருண்டுகிடக்கும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளின் கூட்டம். கந்தகம் அவற்றை அங்கங்கே முடிச்சுப் போடுகிறது. பந்து தரையில் மோதும்போது சங்கிலிகள் நீள்கின்றன. மறுகணமே பழைய சுருளுக்கு ஓடுகின்றன. அதுதான் துள்ளல். ஹோஃப்மனின் சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி ஒரு மெத்தில் கொம்பு கூடுதல். புரளவே சோம்பல், பக்கத்துச் சங்கிலியோடு உரசி, வாங்கிய ஆற்றலையெல்லாம் சூடாக்கித் தொலைத்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சங்கிலிக் கதை அப்போது யாருக்கும் தெரியாது. ரப்பர் இன்னதென்று தெரியாமலே ரப்பர் செய்தார்கள். 1920-இல் ஹெர்மன் ஷ்டவுடிங்கர் "இவை ராட்சதச் சங்கிலிகள்" என்று சொன்னபோது சக வேதியியலாளர்கள் சிரித்தார்கள். நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஹ் வீலாண்டோ, ரப்பரை ஒழுங்காகச் சுத்தம் செய்து பார், சின்ன மூலக்கூறுதான் என்று தெரியும் என அறிவுரை சொன்னார்.

ஷ்டவுடிங்கர் விடவில்லை. 1953-இல் அவருக்கும் நோபல் வந்தது. தரையில் அடித்த பந்து மேலே வர 33 வருஷம்! அதுவும் கொஞ்சம் மெத்தில் ரகம்தான் போலிருக்கிறது.