தோட்டாவும் மரச்சீனியும்

கேள்வி: துப்பாக்கி விலை ஏறுகிறது, சட்டமும் அடிக்கடி மாறுகிறது. பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் விவசாயி என்னதான் செய்வார்?
– ஒரு வாசகர், கொட்டாரம்

பதில்: விலையை முதலில் முடித்துவிடுவோம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 40 சதவீதமானது ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும்தான். வாழைத் தோட்டத்துக்கு யார் பிஸ்டலோடு போகிறார்கள்?

2019 ஆயுதச் சட்டத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. லைசென்ஸ் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக்கியது. கலெக்டர் ஆபீஸ் நடை குறைந்தவரை லாபம்.

உண்மையான வலி பன்றி. கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். மரச்சீனி மூட்டைத் தோண்டிப்போட்டு, கிழங்கில் பாதியைக் கடித்துவிட்டு மீதியை மண்ணில் மிதித்துவிட்டுப் போகும். சந்தைக்கு ஒரு கிழங்கும் தேறாது. கையில் லைசென்ஸ் இருந்தும் சுட முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. களியக்காவிளை தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவிட்டு, லைசென்ஸ் உள்ளவரைக் கொண்டு சுட வைக்கலாம். இங்கோ, 2025 ஜனவரி அறிவிப்புப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம். காட்டை ஒட்டிப் பயிர் வைத்தவருக்கு அதுவும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற பன்றி, ரேஞ்சருக்குச் சொல்லிவிட்டா வரும்?

சுடும் உரிமையை எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. இருட்டில் குறி தவறினால் அடுத்த தோட்டத்துக் காவல்காரர் உயிர் போகும். மலையோரப் பஞ்சாயத்துதோறும் பயிற்சி பெற்ற வனக்காவலர் வேண்டும்; நஷ்டஈடு அடுத்த நடவுக்கு முன்னே கைக்கு வர வேண்டும்.