பெட்டியைப் பிரிக்கத் தெரிந்த பையன்

கோடம்பாக்கத்துக்கு எந்த மெஷின் வந்தாலும் முதலில் எலுமிச்சம்பழம் வரும், மேனுவல் அப்புறம். கேமராவோ கிரேனோ, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்த பிறகுதான் பிளக்கைச் செருகுவார்கள். சாமியே வாரண்டி கொடுத்த பிறகு கம்பெனி வாரண்டி எதற்கு? மேனுவலை முழுக்கப் படித்தவர் என்று இந்தப் பேட்டையின் சரித்திரத்தில் ஒருவரும் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு பையன் இருப்பான். "அவனைக் கூப்பிடு, அவனுக்குத் தெரியும்" என்று எல்லோரும் சொல்லும் பையன். பல்லவர், சோழர் என்று வம்சம் எழுதுகிற மாதிரி கோடம்பாக்கத்துக்கு ஒரு வம்சாவளி எழுதினால் அதில் ஸ்டூடியோ முதலாளிகள் வரமாட்டார்கள், இந்தப் பையன்கள்தான் வருவார்கள்.

1986-இல் தொடங்குவோம். அந்த வருடம் 'விக்ரம்' வந்தது. அக்னிபுத்ரா என்ற ஏவுகணையை வில்லன் அபேஸ் செய்ய, கமல்ஹாசன் ஒரு கம்ப்யூட்டர் நிபுணியைக் கூட்டிக்கொண்டு சலாமியா என்ற இல்லாத தேசத்துக்குக் கிளம்பினார். கதையில் கைவைத்த எழுத்தாளர் சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த எஞ்சினியர், நிஜக் கம்ப்யூட்டர் எப்படி இருக்கும் என்று அறிந்தவர். சினிமாவுக்கு அந்தக் கவலை எப்போதும் இருந்ததில்லை. திரையில் கம்ப்யூட்டர் என்றால் விளக்கு. சிவப்பு எரிந்தால் ஆபத்து, பச்சை எரிந்தால் ஹீரோ ஜெயித்துவிட்டார், இரண்டும் மாறி மாறி எரிந்தால் இடைவேளை.

நிஜமான கம்ப்யூட்டர் அதே வருட தீபாவளிக்கு வந்தது, 'புன்னகை மன்ன'னில். அதே கமல், இசையும் அதே இளையராஜா. ஆனால் படத்தில் எங்கும் தெரியாது, பாட்டுக்குள் இருந்தது. கம்ப்யூட்டரை வைத்து இசை கோத்த முதல் இந்தியப் படம் என்று இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பெட்டியின் பெயர் யமஹா சிஎக்ஸ்5எம். நினைவகம் 32 கேபி. இன்று காலை உங்கள் மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குட்மார்னிங் ரோஜாவின் ஓர் இதழ்கூட அதற்குள் நுழையாது. ஒரே நேரத்தில் எட்டு ஸ்வரம் பேசும். திரை கிடையாது, டிவியில் மாட்டிக்கொள்ள வேண்டும். பியானோ கட்டையைத் தனியாக வாங்கி ஒயரில் சேர்க்க வேண்டும். இசைக்கான மென்பொருள் ஒரு கார்ட்ரிட்ஜில் வரும், அதைச் செருகிவிட்டுத்தான் ஸ்விட்சைப் போடலாம். போட்டால் டிவியில் ஐந்து கோடு தெரியும். அதில் எந்த ஸ்வரம், எவ்வளவு நீளம் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து ஏற்ற வேண்டும். கரண்ட் போனால் ஏற்றியது மொத்தமும் போச்சு. அதற்கு முன்னால் கேசட்டில் பதிந்து வைத்திருந்தால் பிழைத்தீர்கள். மெட்ராஸ் மின்சாரத்தை நம்பி இப்படியொரு காரியத்தில் இறங்க இசை ஞானம் மட்டும் போதாது, இருபது வயது தாண்டாமலும் இருக்க வேண்டும்.

அப்படி ஒருவர் இருந்தார். பெயர் திலீப், வயது 19, ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். அப்பா ஆர். கே. சேகர் காலமானபோது பையனுக்கு ஒன்பது வயது. அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. வாடகைக்குப் போன கீபோர்டு எந்த ஒயர் அறுந்து திரும்பி வரும் என்று தெரிந்து வளர்ந்த பிள்ளைக்கு மேனுவல் ஒரு கேடா? அந்த யமஹா பெட்டியோடு மல்லுக்கட்டியது அவர்தான் என்பது கோடம்பாக்கத்தின் வாய்மொழிப் புராணம், சொல்பவரின் ஓய்வு நேரத்தைப் பொறுத்து நீளும். பெட்டி பிசகாமல் வாசித்தது. பேட்டா கேட்கவில்லை, டீ கேட்கவில்லை, யூனியன் கார்டும் கிடையாது. வயலின்காரர்கள் அதைப் பார்த்த பார்வையில் கற்பூரம் தானாகவே பற்றியிருக்கும்.

திலீப் பிறகு ஏ. ஆர். ரஹ்மான் ஆனதும், 1989-இல் கோடம்பாக்கத்து வீட்டின் பின்புறத்தில் பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டியதும், 1992-இல் 'ரோஜா' வந்ததும் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத துயரம் தயாரிப்பாளர்களுடையது. விடிகாலை முகூர்த்தத்துக்குப் பழகியவர்களை ராத்திரியில் வரச்சொன்னார் அவர். மெஷினுக்கு ராகு காலமும் இல்லை, தூக்கமும் இல்லை.

1994-இல் வெளிவந்த 'மகாநதி'க்காகக் கமல் ஆவிட் என்ற கம்ப்யூட்டர் எடிட்டிங்கைக் கொண்டுவந்தார். அதுவரை ஃபிலிமைக் கையால் வெட்டிக் கையால் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டு காணாமல் போனால் அசிஸ்டெண்ட் மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடுவார். எதை வெட்டினாலும் ஒரு பொத்தானில் திரும்ப ஒட்டிக்கொள்ளும் என்றால், அப்புறம் யாரைத் திட்டுவது? எடிட்டிங் ரூமின் சமூக அமைப்பே ஆட்டம் கண்டது.

இதெல்லாம் ஸ்டூடியோ மதிலுக்கு உள்ளே. மதிலுக்கு வெளியே, லைட்மேனும் மேக்கப் அசிஸ்டெண்டும் குடியிருக்கும் சந்துகளுக்குக் கம்ப்யூட்டர் வர முதலமைச்சர் ஒருவர் தேவைப்பட்டார். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் பக்கம் காக்களூரில் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினியைத் தொடங்கிவைத்தார். மிக்சி, கிரைண்டர், ஃபேனும் அன்றைக்கே. ஆடும் மாடும்கூட அன்றைக்கே. பயனாளிகளில் ஆடு பெற்றவர்கள்தான் பாக்கியசாலிகள். ஆட்டுக்கு பாஸ்வேர்டு கிடையாது.

இந்தத் திட்டத்தின் ஆழ்ந்த நகைச்சுவை மின்சாரத் துறையிலிருந்து வந்தது. அரைக்க, ஆட்ட, சுற்ற என்று பிளக் வைத்த பொருளாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்த அரசாங்கத்திடம் பிளக்குக்குள் அனுப்பக் கரண்ட் இல்லை. 2012-இல் சென்னைக்கே தினம் 2 மணி நேரம் கட். வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால், "வெறும் இரண்டா?" என்று சிரிப்பார்கள், அவர்கள் இருட்டு அப்படி. கோடம்பாக்கத்திலோ பஸ் ஸ்டாப்புக்கே பவர் ஹவுஸ் என்று பெயர்.

அந்த பவர் ஹவுஸுக்குப் பின்னால் ஒரு சந்து. பிளஸ் டூ படிக்கும் பையன் பெட்டியோடு வருகிறான். அது எந்த வீடாகவும் இருக்கலாம், எல்லா வீட்டிலும் நடந்தது இதுதான். பாட்டி மஞ்சள் குங்குமத்தோடு தயார். பையில் 'அம்மா' ஜெயலலிதா படம். பிரித்தால் மூடியில் அம்மா படம். திறந்து ஸ்விட்சைப் போட்டால் உள்ளேயும் அம்மா. 1965-இல் ஸ்ரீதரின் 'வெண்ணிற ஆடை'யில் கோடம்பாக்கம் அறிமுகப்படுத்திய கதாநாயகி நாற்பத்தாறு வருடம் கழித்து வீட்டுக்கு வீடு திரும்பி வந்திருந்தார், இந்தத் தடவை டிக்கெட் இல்லாமல். அந்தப் படத்துக்கு சென்சார் 'ஏ' கொடுத்துவிட்டதால், பதினேழு வயதான நாயகியாலேயே தியேட்டருக்குள் போக முடியவில்லை. அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும்போது கோபப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

பொட்டு எங்கே வைப்பது என்பதில் முதல் சிக்கல். மூடியில் வைத்தால் அம்மா நெற்றியில் விழும், மரியாதைதான், ஆனால் கட்சிக்காரர் பார்த்தால் என்ன சொல்வாரோ. ஸ்கிரீனில் வைக்கப் பாட்டி கையை நீட்டியபோது பையன் அலறிவிட்டான். கடைசியில் சார்ஜருக்கு வைத்தார்கள்.

யூனிட்டில் லைட்மேனாக இருந்து ரிட்டையரான பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டேய், மொதல்ல பவர் எங்கேர்ந்து எடுக்கறேன்னு சொல்லு. லோடு தாங்குமா?"

"இதுல பேட்டரி இருக்கு பெரிப்பா."

"பேட்டரிய நம்பி ஷூட்டிங் வெக்க முடியுமா?"

மனிதர் சொன்னது பலித்தது. மூன்று மணிக்குக் கரண்ட் போனது. புதுப் பேட்டரி முழு சார்ஜ் ஆகியிருக்கவில்லை.

ஐந்து மணிக்குத் திரும்பவும் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் வந்த பெட்டிகளில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எது வேண்டும் என்று திரை கேட்டது. இரண்டுமே இனாம் என்றால் இரண்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் பாட்டி. அடுத்து பெயர் கேட்டது. ரேஷன் கார்டில் இருக்கும் பெயரா, ஸ்கூல் பெயரா, நியூமராலஜிப் பெயரா என்று அரை மணி நேரம் போனது. பாஸ்வேர்டு கேட்டபோது, ரகசியமாக இருக்க வேண்டும் என்று பையன் சொல்ல, அம்மாக்காரி சந்து முழுக்கக் கேட்கும்படி ஒன்றைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டக்கா அதில் ஓர் எழுத்தைத் திருத்தினார்.

மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட் போய்வந்த நண்பன் பென் டிரைவோடு வந்தான். இனிமேல்தான் நிஜமான செட்டப். வால்பேப்பரில் அம்மா போய் விஜய் வந்தார், நண்பன் கட்சி வேறு என்பதால் ஐந்து நிமிடத்தில் அஜித் வந்தார். 32 கேபியில் ஒரு படத்துக்கு இசை கோத்த அதே பேட்டையில், அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிய நினைவகத்தை வைத்துக்கொண்டு பையன் செய்த முதல் வேலை, போன வாரம் ரிலீசான படத்தைக் காப்பி செய்தது. கல்விக்காக என்று அரசாணை சொன்ன பெட்டி, முகவரி கேட்காமலே சினிமாவுக்கு வந்து சேர்ந்தது.

பெரியப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவர் கடைசியாக வேலை பார்த்த படம். வாழ்நாளெல்லாம் சினிமா சோறு தின்றவர், திருட்டுக் காப்பி என்று தெரிந்தால் லேப்டாப்பைத் தூக்கி எறிவாரோ என்று பையனுக்கு உள்ளூர உதறல்.

பத்து நிமிடம் பார்த்தார். முகம் சிவந்தது.

"இன்னாடா இது? தியேட்டர்ல உக்காந்து எவனோ கேமராவுல புடிச்சிருக்கான். நான் ராவெல்லாம் நின்னு போட்ட லைட்டு அத்தனையும் கருப்பா தெரியுது. நல்ல பிரிண்ட்டு வந்ததும் வாங்கிட்டு வா, போ."