சுவர் எழுப்பும் வழி

கேள்வி: எங்கள் தெருப் பூங்காவுக்குச் சுற்றுச்சுவர் கட்ட எம்.பி. நிதி கேட்கலாமா, ‘நமக்கு நாமே’ திட்டத்தில் எழுதிப் போடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: எம்.பி. நிதி 1993-இல் வந்தது. இப்போது ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஆனால் அவர் பரிந்துரைதான் செய்வார், அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம். எனவே பொன்னாடை ஒன்று போதும், மனுவை மட்டும் இரண்டு பிரதி எடுங்கள். (கோயில் மதில் என்றால் கிளம்பவே வேண்டாம், வழிபாட்டுத் தலங்களுக்கு இந்த நிதி கிடையாது.) ‘நமக்கு நாமே’யில் கதை வேறு. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை நீங்களே திரட்டிக் கட்ட வேண்டும். மனுவில் கையெழுத்துப் போடத் தெருவே திரண்டு வரும். ரசீதுப் புத்தகத்தோடு போய் மணியடித்துப் பாருங்கள். “அவர் ஊர்ல இல்லையே” என்று அவரே உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.