ஓ.டி. வாழ்க!

கல்லூரி திறந்த முதல் வாரம் முதல்வர் மேடையேறி, மன்றங்களில் சேர்ந்தால் தலைமைப் பண்பு வளரும், சமூக அக்கறை பெருகும், ஆளுமை மலரும் என்று அடுக்குவார். இந்த மூன்றுக்கும் ஆசைப்பட்டு எந்த மாணவனும் எந்த மன்றத்திலும் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. முதல் காரணம் ஓ.டி. எனப்படும் 'ஆன் டியூட்டி'. வகுப்புக்குப் போகாமலேயே போனதாக வருகைப் பதிவேட்டில் எழுதவைக்கும் வரப்பிரசாதம் அது. இரண்டாவது காரணம் மதியம் கிடைக்கும் பிரியாணிப் பொட்டலம். மூன்றாவது சான்றிதழ். நான்காவது காரணம் பக்கத்துத் துறையில் படிக்கிறது. அதை யாரும் வெளியே சொல்வதில்லை. இப்படிச் சேர்கிறார்களே என்று பேராசிரியர்கள் அங்கலாய்க்கிறார்கள். அங்கலாய்க்கவே வேண்டாம் என்பது என் கட்சி. எந்த ஆசையில் வந்தாலும் வந்தவன் தலையில் வேலை விழத்தான் போகிறது. கற்றுக்கொடுப்பது அந்த வேலைதான்.

நாட்டு நலப்பணித் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-ல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. 'நானல்ல, நீ' என்பது அதன் முழக்கம். முள் வெட்ட ஆள் கூப்பிடும்போது அத்தனை பேரும் அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பார்கள். இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, 7 நாள் முகாம். ஓ.டி. கனவோடு வந்தவன் கிராமத்துப் பள்ளி வராந்தாவில் கொசுக்கடியில் படுத்து, விடிந்ததும் சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டுகிறான். பிறகு படிவமும் கையுமாக வீடு வீடாகக் கணக்கெடுப்பு. திண்ணைப் பாட்டி ஒரு கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. "எந்த ஊருப்பா? யாரு வீட்டுப் புள்ள? இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா?" என்று அவனைக் கணக்கெடுத்து அனுப்பிவிடுகிறார். ஆனால் 50 பேர் உப்புமாவுக்கு எவ்வளவு ரவை, அண்டாவைக் கழுவும் முறை யாருடையது, அதைச் சண்டையில்லாமல் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் ஏழாம் நாளுக்குள் அவனுக்குப் பிடிபட்டுவிடும். இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடத்திட்டம் இல்லை.

கல்ச்சுரல்ஸும் அப்படித்தான். ஸ்பான்சர் தேடிப் போகும் மாணவன் ஜூஸ் கடைக்காரரிடம் ஐயாயிரம் கேட்பான். "போன வருஷம் பேனர்ல என் கடை பேரு கொட்டை எழுத்துல வரும்னீங்க, பூதக்கண்ணாடி வெச்சுத் தேடினேன் தம்பி" என்பார் அவர். அரை மணி நேரம் மன்றாடினால் ஐந்நூறு ரூபாயும் ஒரு சாத்துக்குடி ஜூஸும் தேறும். மார்க்கெட்டிங் புத்தகம் பத்து அத்தியாயத்தில் சொல்வதை அவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே நடத்திவிடுகிறார். மைக்கை விடாத சிறப்பு விருந்தினருக்குத் துண்டுச் சீட்டு அனுப்பி, அவர் மனம் நோகாமல் உட்காரவைக்கத் தெரிந்தவன் பிற்காலத்தில் எந்த மேலதிகாரியையும் சமாளிப்பான்.

"மார்க் போய்விடுமே?" என்பார்கள் பெற்றோர். நியாயமான பயம். ஆனால் கல்லூரிகள் கேட்பது பொதுவாக 75 சதவீத வருகை. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால், 22 நாளை விதியே விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்த நாட்களில் மன்றத்துக்குப் போகாத பிள்ளை நூலகத்தில் இருக்கும் என்று நம்புவது பெற்ற பாசம். அரியர் வைத்தவர்கள் எல்லோரும் கலைவிழாவில் ஆடித்தான் வைத்தார்களா என்ன? "அரசியல் புகுந்துவிடும்" என்பது அடுத்த பயம். அதற்கும் கடிவாளம் உண்டு: மாணவர் தேர்தலுக்கு லிங்டோ குழு 2006-ல் விதி வகுத்தது. வேட்பாளருக்கு 75 சதவீத வருகை வேண்டும், செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான் ஒட்டலாம். நாட்டிலேயே இவ்வளவு சிக்கனமான தேர்தல் வேறில்லை. அதனாலோ என்னவோ, நம் ஊரில் பல கல்லூரிகள் அதை நடத்துவதே இல்லை.

ஒரு ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை. மாலையில் கடைசிப் பேருந்தைப் பிடித்தால்தான் வீடு என்றிருப்பவர்கள், வகுப்பு முடிந்ததும் வேலைக்கு ஓடுகிறவர்கள், இருட்டுவதற்குள் விடுதிக் கதவு சாத்தப்படும் மாணவிகள் என இவர்களெல்லாம் மாலை ஐந்து மணிக்கு ஒத்திகைக்கு எப்படி வருவார்கள்? இது ஆர்வக் குறைவல்ல; நேர அட்டவணையின் குறை. வாரத்துக்கு இரண்டு பீரியடை மன்றங்களுக்கென்று பகலிலேயே ஒதுக்கினால் தீர்ந்தது. கல்லூரிகள் அதைச் செய்யட்டும். மாணவர்களே, நீங்கள் நல்ல நோக்கம் வரும்வரை காத்திருக்காமல் இன்றே பெயரைக் கொடுங்கள். ஓ.டி. படிவத்தில் மட்டும் துறைத் தலைவரின் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்தபின் அது கிடைக்காது.