தலையைச் சுற்றித் தஞ்சாவூர்

எருமப்பட்டியிலிருந்து தஞ்சாவூர் போவதற்கு வழி ரொம்பச் சுலபம். கிழக்கே போகிற துறையூர் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து தஞ்சாவூர். நாங்கள் மேற்கே நாமக்கல்லுக்குப் போனோம். காரணம் இத்தாலி.

சித்தப்பா மகள் அங்கே வேலை பார்க்கிறாள். ஒரு சனிக்கிழமை காலையில் ரயிலேறி பைசா நகரத்துக்குப் போய், சாய்ந்த கோபுரத்தை உள்ளங்கையால் முட்டுக் கொடுத்து நிறுத்துகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டாளாம். போட்டோ குடும்ப வாட்ஸ்அப்பில் வந்து விழுந்ததும் பெரியப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அஸ்திவாரம் சரியில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நேரா நிக்கிறது நம்மகிட்ட ஒண்ணு இருக்குதல்லோ, அதையப் போயிப் பாப்பம். ரயில்லயே போலாம்" என்றார்.

பெரியப்பா லாரிக்காரர். கவுகாத்தி எத்தனை நடை போயிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. நாக்பூர் தாண்டி எந்த டாபாவில் பருப்பு வாய்க்கு விளங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். ரயிலில் மட்டும் ஏறியதே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. நாமக்கல்லுக்கு ரயில் வந்ததே 2013-இல், சேலம் – கரூர் பாதை திறந்த பிறகுதான். அதுவரை லாரியிலும் போர் வண்டியிலும் முட்டையிலும் நாடெல்லாம் பேர் வாங்கிய ஊருக்கு ஒரு பிளாட்பாரம் கிடையாது. அதனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ரயிலேறுவதே ஒரு டூர். அது எந்த ஊருக்குப் போகிறது என்பதை ஏறிய பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் நின்றது. பெரியப்பா ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து எட்டிப் பார்த்தார்.

"முன்னாடி ஒரு வண்டியும் இல்ல. எதுக்கு நிறுத்துறான்?"

"கிராசிங்குங்க பெரியப்பா. எதிர்ல வண்டி வருது."

"லைட்ட அடிச்சுட்டுப் போவ வேண்டியதுதான?"

மோகனூர் தாண்டியதும் காவிரிப் பாலம். பெட்டி முழுக்க ஜன்னல் பக்கம் சாய்ந்தது. அப்பத்தா சுருக்குப்பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து ஆற்றில் வீசிக் கும்பிட்டாள். பெரியப்பாவும் சட்டைப்பையில் கைவிட்டபடி எதிர் சீட்டுப் பையனிடம் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இத்தாப் பெரிய பாலத்துக்கு டோல் எங்க கட்டோணும்?" டோல் கிடையாது என்று தெரிந்ததும் கரூர் வரும்வரை பேசவில்லை. வாழ்நாளெல்லாம் ஏமாந்துபோன மனிதரின் முகம் அது.

கரூரில் வண்டி மாறினோம். அங்கிருந்து திருச்சி வரை காவிரியின் தென்கரையோடு ஒட்டிப் போகிற பாதை: மாயனூர், லாலாபேட்டை, வாழைத் தோட்டங்கள். கட்டுச்சோற்று மூட்டை பிரிந்தது. புளிச்சோறு, அதோடு ஒரு தூக்குப்போசி நிறைய அவித்த முட்டை. கோயிலுக்குப் போகையில் முட்டையா என்று பெரியம்மா கேட்டதற்கு, "கோயில் வரைக்கும் மிஞ்சுனாத்தான?" என்றாள் அப்பத்தா. மிஞ்சவில்லை. குளித்தலையில் கடைசி ஓட்டை உரித்தபோது ஆற்றுக்கு அக்கரையில் முசிறி. எங்கள் ஊரிலிருந்து தென்கிழக்கே இறங்கினால் வருகிற ஊர். விடிகாலையிலிருந்து ஊர்வலம் வந்து, வீட்டுக்கு எதிர்க்கரையை எட்டியிருந்தோம். இதை நான் சத்தமாகச் சொல்லவில்லை.

பெரிய கோயிலுக்குள் நுழைந்தபோது உச்சிவெயில். சன்னிதியில் நடை சாத்தியிருந்தார்கள். செருப்பை விட்டுவிட்டுக் கல்தளத்தில் இறங்கியவுடன் குடும்பமே பரதநாட்டியம் ஆடியது. ஒரு வழிகாட்டி வந்து ஒட்டிக்கொண்டார். ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்தது, உயரம் 216 அடி, என்றார். பைசா கோபுரம் ஆரம்பித்ததே 1173-இல், இதைவிட ஏறக்குறைய 30 அடி குட்டை என்று நானும் என் பங்குக்கு எடுத்துவிட்டேன். பெரியப்பா நெஞ்சை நிமிர்த்தினார், ஏதோ அவரே நின்று கட்டிய மாதிரி. "விமானத்து நிழல் தரையில விழாதுங்க" என்று வழிகாட்டி தொடர்ந்தார். அவர் அதைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் விமானத்தின் நிழலில்தான் ஒண்டிக்கொண்டு நின்றிருந்தோம். அவரும்தான்.

உச்சிக் கல் 80 டன், ஒரே கல், என்று வந்ததும் பெரியப்பா விழித்துக்கொண்டார்.

"ஒத்தைக் கல்லா? டிரெய்லர் வேணும். ஓவர்லோடு. செக்போஸ்ட்ல விடமாட்டான்."

ஒரே கல் இல்லை, பல துண்டுகளைச் சேர்த்தது என்றும் சொல்கிறார்கள் என்றேன். "அப்பச் சரி, டாரஸ்லயே அஞ்சு லோடுல முடிஞ்சிரும்" என்று சமாதானமானார். சுற்றிலும் வயலாகக் கிடக்கும் தஞ்சாவூருக்குக் கருங்கல் அத்தனையும் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தபோது, ராஜராஜன் மேல் அவருக்குத் தொழில்முறை மரியாதையே வந்துவிட்டது. வாடகை யார் கொடுத்தது என்றுதான் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பத்தாவுக்குப் பிடித்தது சுவரெல்லாம் வெட்டியிருக்கும் கணக்கு. ஒரு விளக்கு எரிய 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அதற்கு இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். "ஒரு எருமைக்கு ஆறு ஆடு" என்று விரல்விட்டுச் சொன்னாள். எருமப்பட்டிக்காரியின் குரலில் பெருமை. சோழர் கல்வெட்டுகளில் இந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பேர். செத்தாலும் கிழடானாலும் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைச் சரிக்கட்டுவது மேய்ப்பவர் பாடு என்று விளக்கினேன். பண்ணையில் கோழி சாகச் சாகக் கணக்கு எழுதியே ஓய்ந்தவள் அவள்.

"சாவா மூவாக் கோழின்னு நாமளும் எழுதி வெச்சிருக்கலாங் கண்ணு. லோனுக்குக் காட்டியிருக்கலாம்."

அரண்மனை, சரஸ்வதி மகால் எல்லாம் ஓட்டமும் நடையும்தான். தலையாட்டி பொம்மை ஒன்று வாங்கினோம்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. ரயிலுக்கு யாருக்கும் தெம்பில்லை. திருச்சி, துறையூர் என்று பஸ் மாறி உட்கார்ந்ததும் கண்டக்டர் விசாரித்தார். காலையில் ரயிலில் போன கதையைக் கேட்டு டிக்கெட் கிழிப்பதையே நிறுத்திவிட்டார்.

"எருமப்பட்டியிலிருந்து தஞ்சாவூருக்குக் கரூர் வழியாவா? பஸ்ஸுல வந்திருந்தா ரெண்டு தடவை போயிட்டு வந்திருக்கலாமேங்க!"

பெரியப்பா சில்லறையை எண்ணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"பஸ்ஸுல யாரு வேணாலும் போலாமுங்க" என்றார்.