சோளகக் காத்தும் மொறிஸ் மைனரும்

என்ன மருமகனே, கட்டாரிலிருந்து வந்து பத்து நாள் ஆகல்ல, அதுக்குள்ள அப்பாட மொறிஸ் மைனரைக் கல்லுல ஏத்தி வச்சிட்டியாமே. ஜப்பான் எஞ்சினாம், ஏசியாம், அகல ரிம்மாம், பின்னால அண்டா மாதிரி ரெண்டு ஸ்பீக்கராம். நல்லது, செய். அப்படியே கதவையும் கூரையையும் மாத்திடு. கடைசியில நம்பர் பிளேட்டும் கதவோரத்துல உங்க அப்பா துப்பின வெத்திலைக் கறையும்தான் மிஞ்சும். அந்தக் கறையை மட்டும் கழுவிடாத. இது பழைய கார்தான்னு சொல்ல ஒரு சாட்சியாவது வேணும்.

கொழும்பு மச்சான் வேற சாதி. ஒரு ஆணி மாறினாலும் கார் செத்துப்போச்சுன்னு எட்டு வீட்டுக்குக் கேக்க அழுவார். சிக்னல் லைட்டு கூடாதாம், கதவுப் பக்கத்துத் தூணிலிருந்து காது மாதிரி வெளிய நீட்டுற பழைய கைதான் வேணுமாம். புத்தளம் றோட்டுல பின்னால வாற பஸ்காரன் அந்தக் கையைப் பாத்துத்தான் பிரேக் அடிக்கப்போறான்! அந்தக் கையை 1961ல கம்பனிக்காரனே கழட்டிப் போட்டுட்டான். மச்சானுக்கு மட்டும் இன்னும் துக்கம் தீரல்ல.

அசல், அசல்னு குதிக்கிறாரே, அசல் பிறந்த கதை அவருக்குத் தெரியுமா? 1948ல லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு வந்தது இந்தக் கார். அதுக்குக் கொஞ்சம் முந்தி, வரைஞ்ச மனுசன் இசிகோனிஸ் பாத்திருக்கார். கார் ஒடுக்கமா, கண்ணுக்குப் பிடிக்காம நின்னிருக்கு. நடுவால அறுத்து ரெண்டு துண்டையும் தள்ளி வச்சுப் பாத்து, நாலு அங்குலம் அகட்டினார். பம்பரெல்லாம் அதுக்குள்ள அடிச்சு முடிச்சாச்சு. என்ன செய்ய? அதையும் நடுவுல வெட்டித் துண்டு வச்சாங்க. போனட் நடுவுல ஒரு மேடு ஓடுதே, அழகுக்குன்னா நினைச்ச? தையல் போட்ட தழும்புடா அது. பிறக்க முந்தியே அறுத்து ஒட்டின பிள்ளைக்கு மச்சான் கற்புக் கேக்கிறார்.

எஞ்சின் கதையும் அப்படித்தான். முதல்ல 918 சிசி, 1952ல 803, 1956ல 948, 1962ல 1098. கம்பனியே நாலு எஞ்சின் வச்சுப் பாத்தது.

சிரிக்காத. உன் பக்கம் பேசுறேன்னு நினைச்சுட்டியா?

உங்க அப்பாட கார் 948. குதிரைச் சக்தி 37. 1098 வந்தப்ப 48 ஆச்சு. பதினொரு குதிரை கூடினதுக்கே கம்பனிக்காரன் பயந்து, முன் பிரேக் டிரம்மை ஏழு அங்குலத்துலேர்ந்து எட்டாக்கினான். நீ அந்த ஏழு அங்குலத்தோட அதைப்போல ரெண்டு மடங்கு குதிரையைக் கட்டப்போற. ஓடும், நல்லா ஓடும். நிக்கிறதுக்குத்தான் முந்தல் சந்தியில யாராவது வந்து கையைப் பிடிக்கணும்.

அதுக்கு முந்தி, கீழ படுத்து முன் சில்லு தொங்குற டிரனியனைப் பாத்தியா? எண்ணெய் வைக்காம விட்டா ஒருநாள் அது கழண்டு, சில்லு படுத்துக்கும். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் உன் கால் மிதிக்கிற தரைக்குக் கீழ இருக்கு. எட்டிப் பாக்கிற இடத்துல இல்லைன்னு ஒருத்தரும் பாக்கிறதில்ல. இந்தக் காருக்கு லொறிக்கு மாதிரித் தனிச் சேசி கிடையாது, உடம்பேதான் எலும்பு. கதவுக்குக் கீழ இருக்கிற சில் தகடு உக்கினா முதுகெலும்பு உக்கின மாதிரி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, அங்கால பாலாவி உப்பளம். இந்த ஊர்ல எதை மாத்தலாம், எதை மாத்தக்கூடாதுன்னு உன்னையும் மச்சானையும் கேட்டா உப்பு வேலை பாக்குது?

தகடு வேணும்னா மச்சான் இங்கிலாந்துக்கு எழுதுவார். எழுதட்டும். பாத் நகரத்துல மைனருக்குன்னே கடை வச்ச சார்ல்ஸ் வேர், 1990கள்ல இலங்கையிலயே கூட்டுச் சேர்ந்து மைனர் தகடு அடிக்க வச்சவர். வெள்ளைக்காரன் காருக்கு நம்ம ஆள் அடிச்ச தகடு. கப்பல் கூலி குடுத்து அதையே திருப்பி வாங்கி, 'இது இங்கிலாந்து அசல்'னு தடவிப் பாக்க மச்சானுக்குக் குடுப்பினை இருக்கலாம்.

நான் புதுசுக்கு எதிரியில்ல. கரைவலையை இழுக்க டிராக்டர் வந்துச்சு, என் தோள் தப்பிச்சுது. வலை இழுக்கப் பாடின அம்பாப் பாட்டுத்தான் போச்சு, டிராக்டருக்குப் பாட்டு வேணாமே. அதனால டைனமோவைக் கழட்டி ஆல்டர்னேட்டர் போடு, முன்னுக்கு டிஸ்க் பிரேக் போடு. ஒண்ணும் சொல்லமாட்டேன். வெட்டாம, துளைக்காம, போல்ட்டுல பூட்டுறதா இருக்கணும். கழட்டின எஞ்சினைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடாத, கிறீஸ் பூசிக் கொட்டிலுல வை. 2020ல கார் இறக்குமதியை நிப்பாட்டினவங்க 2025 வரைக்கும் திறக்கல்ல. அந்த அஞ்சு வருசமும் கொட்டிலுல கிடந்த ஓட்டை உடைசலுக்கெல்லாம் மாப்பிள்ளை வந்தான்.

ஏசி மட்டும் கொஞ்சம் யோசி. முன் கதவுல முக்கோணக் கண்ணாடி இருக்கு பார், அதைத் திருப்பி வச்சா சோளகக் காத்து நேரா நெஞ்சுக்கு வரும். ஏசின்னா எல்லாத்தையும் மூடணும். அடுத்த கிழமை கொழும்புக்குப் போறதா உங்க மாமி சொன்னா. பின் சீட்டுக்கு ரெண்டு மூட்டை கட்டாக் கருவாடு கட்டி வச்சிருக்கேன். மூடின காருக்குள்ள அந்த வாசத்தோட சிலாபம் வரைக்கும் போய்ப் பாரு. மச்சானையும் பக்கத்துல ஏத்திக்க.