ரெண்டு மடங்கு வேகத்துல ஒரு வாத்தியாரு

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. சார்ஜர் வயரையும் இழுத்துக்கிட்டே வா, பாவம், அது இல்லாட்டா ஒனக்கு மூச்சு முட்டும்.

ராத்திரி ஒன் போன்ல ஒரு வாத்தியாரு ஏம்லே அப்படி ஆலாப் பறந்தாரு? ரெண்டு மடங்கு வேகத்துல வச்சிருக்கேங்கிற. நல்ல யோசனைதான். ஒரு மாச மழை ஒரே நாள்ல கொட்டுனா கம்மாய் என்னாகும்னு மட்டும் ஒங்கப்பன்கிட்ட கேட்டுக்க.

நானும் விசாரிச்சேன். ஐஐடிக்காரங்களும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேந்து 2003ல ஆரம்பிச்ச என்பிடெல்லாமே அது. மெட்ராஸ் ஐஐடி வாசலை நம்ம வம்சத்துல ஒருத்தன் மிதிச்சதில்ல. அந்த மாதிரி எடத்து ஆளு நம்ம திண்ணைக்கே வந்து சும்மா சொல்லித் தாராரு, பரீட்சைக்குத்தான் காசு. ஒரே கொறை, நீ முழிக்கிற முழி அவருக்குத் தெரியாது. எங்க வாத்தியாரு முழியைப் பாத்தே பெரம்பை எடுத்துருவாரு.

வாரா வாரம் அசைன்மென்ட்டாமே. வெடையெல்லாம் வாட்ஸ்அப் குரூப்புல பந்தி போட்டுருதானுவளாம். சாப்பிடு ராசா. அதுக்கு 25 மார்க்கு. மிச்சம் 75க்குப் பரீட்சை மையத்துல போயி ஒத்தையில உக்காரணும். அங்க குரூப்பு அட்மினா வந்து ஊட்டிவிடப் போறான்? அதுல 30 எடுக்கலைன்னா தின்ன 25ம் செரிக்காது.

நேத்து நீ கொறட்டை விட்ட பொறவும் மனுசன் நிப்பாட்டல. பேசிக்கிட்டிருக்கவரை விட்டுட்டுப் போறது மருவாதியில்லன்னு நான் கேட்டேன். கீழ தமிழ் எழுத்து ஓடுச்சு. ஒன் வேகத்துக்குப் பாதிதான் படிக்க முடிஞ்சுது. நம்ம கரிசலைப் பத்திப் பேசுதாருலே! அதுக்குள்ள மான்ட்மோரில்லோனைட்டுன்னு ஒரு களி இருக்காம். தண்ணியக் குடிச்சு வீங்குமாம், காஞ்சாச் சுருங்கி வெடிக்குமாம், மேல கட்டுன செவுத்தையும் பொளந்துருமாம். பேருதான் வாய்ல நொழையல. மத்தது பூரா, கோடையில என் காலு மாட்டிக்கிட்ட வெடிப்புதான்.

ஒங்கப்பன் அடுப்படிச் செவுத்து வெடிப்புக்கு நாலாவது தடவையா சிமெண்டு அப்பிக்கிட்டிருக்கான். நீயோ சிவிலு. கரிசல்ல அஸ்திவாரத்தை என்ன செய்யணும்னு அவரு வாயெடுத்தாரு, ஒன் போனு அணைஞ்சுபோச்சு.

வயரைச் சொருவிட்டுப் போட்டுவிடுலே. மெதுவா ஓடுற மாதிரி. ஒங்கப்பனையும் கூப்பிடு, சிமெண்டுச் சட்டியைக் கீழ வச்சுட்டு வரட்டும்.